மேகத்தில் வந்த மச்சானும் மெமரி கார்டில் கிடந்த மச்சானும்

முதல் தடவை அந்த வீடியோவைப் பார்த்தபோது எனக்கு வாயில் எச்சில் புளித்துக்கொண்டு ஊறியது. வாந்தி வருவதற்குக் கொஞ்சம் முன்னால் ஊறுமே, அந்த எச்சில்.

வடமதுரையில் என் தங்கை வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். தங்கை மகளுக்குக் கல்யாணம் கூடியிருந்தது. கல்யாணத்துக்குப் பேசியிருந்த ஸ்டூடியோக்காரர் லேப்டாப்பைப் பிளாஸ்டிக் ஸ்டூலில் வைத்து, "எல்லாரும் வந்து உக்காருங்க. கர்ச்சீப்பு எடுத்துக்கங்க, அழுகை வரும்" என்று சொல்லிவிட்டு ஓடவிட்டார்.

திரை முழுக்க வெள்ளை மேகம். மேகத்துக்கு நடுவில் தங்கத்தில் ஒரு படிக்கட்டு. பின்னால் நாதஸ்வரம். படிக்கட்டில் ஒருவர் இறங்கி வருகிறார். நீலக் கோட்டு, கழுத்தில் டை. கோதுமை மாவு பூசின மாதிரி முகம். இரண்டு வரிசைப் பல்லையும் காட்டிச் சிரிக்கிறார். கையை விரித்ததும் மேலேயிருந்து ரோஜா இதழ் கொட்டுகிறது. அது யாரென்று எனக்குப் பிடிபடச் செத்த நேரம் ஆனது. என் மச்சான். தங்கை புருஷன். அவர் இறந்து சில வருஷம் ஆகிவிட்டது.

மச்சான் லோடு ஆட்டோ ஓட்டினவர். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏற்றிப் போவார். கோட்டு என்பதை அவர் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டார். முன்பல் ஒன்று பாதி உடைந்தது. கூடைக் கயிற்றைப் பல்லால் கடித்து இழுத்தபோது போனது. அதனால் சிரிப்பு வந்தால் கையால் வாயை மூடிக்கொள்வார். மேகத்தில் வந்தவர் மூடவில்லை.

"எந்தப் படத்த வச்சுப்பா செஞ்ச?" என்று கேட்டேன்.

"அக்கா குடுத்த படந்தாண்ணே. அந்தக் கடைசிப் படம்." அவருக்குப் பெருமை தாங்கவில்லை. "கண்ணு மூடியிருந்துச்சுல்ல, அத நாங்களே தொறந்துட்டோம். மூக்குப் பஞ்ச எடுத்தாச்சு. நாடிக்கட்டுத் துணி இருந்துச்சே, அதத்தான் கீழ எறக்கி டையா மாத்தியிருக்கோம். சொன்னாத்தான் தெரியும், பாருங்க."

நான் முருகா என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். நாற்காலியில் சார்த்தி வைத்து, தாடையைத் துணியால் கட்டி, நெற்றியில் காசு வைத்து, அன்றைக்கு யாரோ எடுத்த படம் அது. அந்தத் துணிதான் டையாம்.

தங்கை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அப்படியே எந்திரிச்சு வந்த மாதிரி இருக்காருண்ணே" என்றாள்.

என் மருமகள் எழுந்துவிட்டாள். தங்கை மகளை எங்கள் பக்கம் மருமகள் என்றுதான் சொல்வோம். கல்யாணப்பெண் அவள்தான்.

"இது எங்கப்பா இல்ல."

"பின்ன யாருடி? பக்கத்து வீட்டுக்காரனா?" என்றாள் தங்கை.

"அந்தக் கண்ணு யாரு கண்ணோ. இத மண்டபத்துல போட்டீகன்னா நான் மணவறையில இருந்து எந்திரிச்சுப் போயிருவேன்."

"போ. போயி மொதப் பந்தியில உக்காந்து சாப்பிட்டு வா. ஊருல எல்லாரு அப்பனும் மேகத்துல வாராக. இவ அப்பன் மட்டும் வரக் கூடாதாம்."

ஸ்டூடியோக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வயரைச் சுருட்டினார். அவர் போன பிறகு தங்கை என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "அண்ணே, அன்னிக்கு நான் முன்னால வந்து நிக்க முடியாது. தாலி எடுத்துக் குடுக்கவும் விட மாட்டாக, ஆரத்தி எடுக்கவும் விட மாட்டாக. நான் தூணுக்குப் பின்னாலதான். அவராச்சும் முன்னால நிக்கட்டுமே, கோட்டுப் போட்டுக்கிட்டாச்சும்."

அவள் சொன்னது நியாயம்தான். ஆனால் மருமகள் உள்ளே போய் வாந்தி எடுக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் தாயும் மகளும் சமையல்கட்டில் மூச்சுவிடாமல் சண்டை போட்டார்கள். கடைசியில் தங்கை வெளியே வந்து தீர்ப்புச் சொன்னாள். கல்யாணத்துக்கு முன்னால் முன்னோருக்குப் படையல் போடுவோம். அந்தப் படையலுக்குள் மச்சானின் உசிரோடு இருக்கிற படம் ஒன்று கிடைத்தால் வீடியோ வேண்டாம். கிடைக்காவிட்டால் மண்டபத்தில் மேகம் இறங்கும். மகள் வாயைத் திறக்கக் கூடாது.

மருமகள் என்னைப் பார்த்து, "மாமா, நீங்கதான்" என்றாள். தாய்மாமன் கல்யாணத்துக்கு என்னென்ன சீர் செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். இப்படி ஒரு சீர் கேட்பாள் என்று நினைக்கவில்லை.

படம் ஒன்றுகூட இல்லாமல் எப்படிப் போகும் என்று கேட்பீர்கள். கல்யாண ஆல்பம் கூரை ஓடு ஒழுகி நனைந்து, தாளெல்லாம் பிசின் மாதிரி ஒட்டிப் போனது. பிரித்தால் மச்சான் முகம் தங்கை முதுகோடு உரிந்து வருகிறது. அடையாள அட்டையில் இருப்பவரைப் பார்த்தால் போலீஸ் தேடுகிற ஆள் மாதிரி இருக்கும். மற்றபடி, பழனி பாதயாத்திரையில் எங்கள் குழுவுக்குப் படம் எடுப்பவரே மச்சான்தான். எடுக்கிறவர் படத்தில் எப்படி விழுவார்? எப்போதாவது விழுந்தது எல்லாம் அவர் போனில் இருந்தது. அவருக்குப் பிறகு அந்தப் போனைத் தங்கைதான் வைத்திருந்தாள்.

"போனைக் குடு" என்றேன். பூஜை அலமாரியிலிருந்து எடுத்துத் தந்தாள். தொட்டதும் கையில் ஒட்டியது. பஞ்சாமிர்த டப்பா பக்கத்திலேயே வைத்திருக்கிறாள். உறையைக் கழற்றினால் உள்ளே விபூதியும் தேங்காயெண்ணெயும் குழைந்து ஒரு களிம்பு, அதில் செத்த எறும்புகள் வரிசையாக. மெமரி கார்டு போடும் சந்தில் ஒரு எறும்பு பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் நின்று காய்ந்திருந்தது. ஊசியால் அதை எடுக்கும்போது எனக்கு முதுகு கூசியது.

"இதுல அவரு படம் இருக்கணுமே?"

"இல்லண்ணே. எடம் பத்தலன்னு தெனம் சொல்லிக்கிட்டே இருந்துச்சு. எதையாவது அழின்னு சொன்னுச்சு. அழிச்சேன்."

"எத அழிச்ச?"

"இவரு படத்தத்தான். சாமி படத்த எப்படி அழிக்கிறது? பாவமில்ல? இவரு நெஞ்சுக்குள்ள இருக்காரு."

கோபம் வரவில்லை. அவள் சொன்னது எங்கள் பாதயாத்திரை வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் செய்வதுதான். காலையில் போனைத் திறந்தால் முருகன் வணக்கம், மத்தியானம் பழனி அபிஷேக வீடியோ, சாயங்காலம் கிருத்திகை வாழ்த்து. ஒருவர் பத்துப் பேருக்கு அனுப்ப, பத்துப் பேரும் அதையே திருப்பி அனுப்ப, யாரும் எதையும் அழிப்பதில்லை. சாமியைக் குப்பைத்தொட்டி படத்துக்குள் தள்ள யாருக்கு மனசு வரும்? அதனால் பேரப்பிள்ளை படம் போகும், பெற்ற தாய் படம் போகும், சாமி நிற்கும். தங்கை மச்சானை அழித்துவிட்டு, அந்த இடத்தில் சாமிகளைக் குடி வைத்திருந்தாள். இப்போது அந்தக் கார்டும் படுத்துவிட்டது. ஊரில் செல்போன் கடையில் காட்டினாளாம். தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கச் சொன்னார்களாம்.

தூக்கிப் போடாமல் என்னிடம் கொடுத்தாளே, அதுவரைக்கும் முருகன் காப்பாற்றினான்.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கம் ஒரு சந்தில் எனக்கு ஜெராக்ஸ் கடை. நான் பத்தாவதோடு நின்றவன். கம்ப்யூட்டரில் ஞானம் எதுவும் கிடையாது. ஊரார் கொண்டுவருகிற பென் டிரைவில் இருக்கும் வைரஸ் எல்லாம் என் மெஷினுக்குள் ஏறி, யாரோ ஒருவருடைய சாதிச் சான்றிதழை அச்சடிக்கப் போனால் சூதாட்ட விளம்பரத்தில் அரைகுறை உடையோடு பொம்பளைப் பிள்ளைகள் வந்து நிற்பார்கள். சாமி படம் மாட்டிய கடையில் அந்தக் கண்ராவி. பாலிடெக்னிக்கில் வேலை பார்த்த வாடிக்கையாளர் ஒருவர் சகிக்காமல் விண்டோஸைத் தூக்கிவிட்டு லினக்ஸ் போட்டுக் கொடுத்தார். அன்றைக்கு ஒழிந்தது அந்தப் பீடை.

லினக்ஸில் எனக்குப் பிடித்தது அதன் கறுப்புத் திரை. மவுஸ் என்கிற எலியைப் பிடித்து உருட்ட வேண்டாம். நாலு எழுத்துக் கமாண்டைத் தட்டி எண்டரை அழுத்தினால் வேலை நடக்கும். நடந்து முடிந்தால் நான்தான் செய்தேன் என்று பீற்றிக்கொள்ளாது. பேசாமல் அடுத்த வரிக்கு வந்து நிற்கும். எதற்கு எந்தக் கமாண்டு என்று தெரியாவிட்டால் man என்று தட்டினால் விளக்கம் வரும். இங்கிலீஷ்தான். மூன்று வரிக்கு ஒருதரம் நின்று மூச்சு வாங்கிப் படிப்பேன். எண்டரை அழுத்துவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் முருகா என்று சொல்வேன். அது கமாண்டில் சேராது, ஆனால் சொல்லாமல் அழுத்தினதில்லை.

கார்டைச் சுத்தம் பண்ணிச் செருகினேன். முதலில் lsblk. எந்த டிஸ்க்குக்கு எந்தப் பேர், எவ்வளவு பெரிசு என்று ஒரு மரம் மாதிரி வரைந்து காட்டும். கார்டு அதில் தெரிந்தது. திறந்து பார்க்கப் போனால் திறக்கவில்லை. படுத்துப்போன கார்டை நோண்ட நோண்ட இன்னும் கெடும். முழுசாக ஒரு நகல் எடுத்து, நகலில் வைத்துத்தான் தேட வேண்டும். நகல் வைக்க என் டிஸ்க்கில் இடம் வேண்டும். df தட்டினேன். இடம் இல்லை. கடை டிஸ்க் கழுத்து வரைக்கும் நிரம்பியிருந்தது.

எதனால் நிரம்பியது என்று பார்க்க ncdu என்று ஒன்று உண்டு. அவ்வளவாக யாருக்கும் தெரியாது. எந்த ஃபோல்டர் எவ்வளவு தின்கிறது என்று பெரிசிலிருந்து சின்னது வரைக்கும் அடுக்கி, பக்கத்தில் கோடு போட்டுக் காட்டும். எல்லாவற்றுக்கும் மேலே நின்றது 'பாதயாத்திரை'. குழுவுக்கு நான் பொறுப்பு என்பதால், குழுவில் வருவதையெல்லாம் போனிலிருந்து இந்த ஃபோல்டருக்கு எடுத்து வைப்பது வழக்கம்.

உள்ளே போய்ப் பார்த்தேன். அன்று மத்தியானம் கடையில் ஆள் இல்லை. வெயிலில் சந்தே காய்ந்து கிடந்தது. ஒவ்வொன்றாகத் திறந்தேன். முருகன். முருகனுக்குக் கீழே வீட்டுமனை விற்கிறவருடைய போன் நம்பர். முருகன், பக்கத்தில் வேலாயுதத்தைவிடப் பெரிதாகக் கட்சி வட்டச் செயலாளர் ஒருவர் கும்பிட்டபடி. முருகன், இதைப் பதினொரு பேருக்கு அனுப்பாவிட்டால் வீட்டில் கெட்டது நடக்கும் என்ற மிரட்டலோடு. என் அப்பன் முருகன் எவனையாவது மிரட்டி இருக்கிறானா? அப்புறம் இப்போது புதுசாக, கம்ப்யூட்டரே வரைந்து வருகிற முருகன்: ஜிம்முக்குப் போய்வந்த மாதிரி வயிற்றில் கட்டி கட்டியாகச் சதை, நெய் தடவினது போல மினுமினுப்பு, ஒரு கையில் ஆறு விரல். மயில் காலுக்குப் பதில் குதிரைக் கால். அதையும் வைத்திருந்தோம். அதைத்தான் நிறைய வைத்திருந்தோம். மச்சானைக் கோட்டுப் போட்டு இறக்கின அதே மாவு முகம் இந்த முருகனுக்கும் இருந்தது.

இதையெல்லாம் அழித்தால்தான் கார்டுக்கு இடம் வரும். எதிர் டீக்கடைக்காரர் எங்கள் குழுவில் நடப்பவர். கிளாஸைக் கொடுக்க வந்தவரிடம் சொன்னேன்.

"ஏலே, சாமி படத்தையா அழிக்கப் போற? தைப்பூசத்துக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பழனிக்கு வருவ?"

"ஒரே படம் அம்பது தடவ இருக்குய்யா. ஒண்ண வச்சுக்கிட்டு மிச்சத்த எடுக்கப் போறேன்."

"எந்த ஒண்ண? மொத வந்த முருகன வைப்பியா, கடைசியா வந்த முருகன வைப்பியா? யோசிச்சியா?"

"ரெண்டும் ஒரே முருகன்தானய்யா."

"அதென்னமோ." கிளாஸை மேஜையில் வைத்தார். "எம் படம் ஒண்ணு இருக்கும் பாரு, கால் கொப்புளத்தோட நிக்கிறது. அத மட்டும் அழிச்சிராதப்பு. அது ஒண்ணுதான் இருக்கு."

அவர் போன பிறகு நான் உடனே கை வைக்கவில்லை. கடை முருகன் படத்துக்கு முன்னால் நின்றேன். எங்கள் ஊரில் பழைய காலண்டர் சாமியை யாரும் கிழிப்பதில்லை. உடைந்த கண்ணாடிப் படத்தையும் குப்பையில் போடுவதில்லை. கோயில் மரத்தடியில் கொண்டுபோய்ச் சாய்த்துவிட்டுக் கும்பிட்டு வந்துவிடுகிறோம். புண்ணியம் என்று நினைக்கிறோம். அந்த மரத்தடியைப் போய்ப் பாருங்கள். மழையில் ஊறி, சட்டத்தில் கரையான் ஏறி, மேலே ஒரு நாய் காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும். நான் கண்ணால் பார்த்துவிட்டு, விரட்டிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்திருக்கிறேன். அழிக்க மாட்டோம், நாய்க்கு விடுவோம். இந்த ஃபோல்டரும் அந்த மரத்தடிதான் என்று பட்டது.

fdupes என்று ஒன்று உண்டு. பேர் என்னவாக இருந்தாலும் அது கவலைப்படாது. உள்ளே இருப்பது எழுத்துக்கு எழுத்து ஒன்றுதானா என்று ஒப்பிட்டுப் பார்த்து, ஒரே மாதிரி இருப்பதைக் கூட்டம் கூட்டமாகக் காட்டும். முதலில் காட்டச் சொன்னேன். திரை ஓடிக்கொண்டே இருந்தது, நிற்கவில்லை. பிறகு கூட்டத்துக்கு ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை எடுக்கச் சொன்னேன். முருகா. எண்டர். ஒரு சத்தமும் இல்லை. முடிந்து பார்த்தால் டிஸ்க்கில் பாதிக்கு மேல் காலி. ஒவ்வொரு முருகனும் ஒருவனாக நின்றான். சாமி குத்தம் ஆகிவிட்டதோ என்று மனசு தேடியது. ஆகவில்லை. வயிற்றில் அடைத்திருந்தது இறங்கின மாதிரி இருந்தது. டீக்கடைக்காரர் கொப்புளத்தோடு பத்திரமாக இருந்தார்.

இனி கார்டு. இதற்கு ddrescue. மற்ற கமாண்டு எல்லாம் நகல் எடுக்கும்போது கெட்ட இடம் வந்தால் முரண்டு பிடித்து நின்றுவிடும். இது நிற்காது. மார்க்கெட்டில் தக்காளி பிரிக்கிற மாதிரி, நல்லதை முதலில் அள்ளிக்கொள்ளும், அழுகலை ஒதுக்கிவைத்துக் கடைசியில் வந்து அதிலும் தேறுமா என்று புரட்டிப் பார்க்கும். எங்கிருந்து, எங்கே, எதுவரை வந்தோம் என்று குறிக்க ஒரு ஃபைல், இந்த மூன்றையும் வரிசையாகக் கொடுக்க வேண்டும். எங்கிருந்தும் எங்கேயும் மாறிவிட்டால் மச்சான் இருக்கிற கார்டின் மேலேயே குப்பையை எழுதிவிடும், அப்புறம் ஆண்டவனே வந்தாலும் எடுக்க முடியாது. lsblk-ஐ மறுபடி தட்டிப் பேரைப் பார்த்தேன். விரல் வைத்துப் படித்தேன். முருகா.

ஓட ஆரம்பித்தது. பாதியில் கரண்டு போனது. எங்கள் சந்துக்கு அது வழக்கம்தான். இன்வெர்ட்டர் மின்விசிறிக்கு மட்டும்தான். இருட்டுத் திரை முன்னால் உட்கார்ந்து, இது என்ன பிழைப்பு என்று வெறுத்துப் போனேன். கரண்டு வந்ததும் அதே கமாண்டைத் திரும்பக் கொடுத்தேன். அது முதலிலிருந்து தொடங்கவில்லை. குறித்து வைத்த இடத்தைப் பார்த்து, விட்ட இடத்திலிருந்து எடுத்துக்கொண்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதை எழுதினவன் எந்த நாட்டுக்காரனோ, அவன் வீடு நன்றாக இருக்கட்டும் என்று சொல்லிக்கொண்டேன்.

சில இடம் கடைசிவரைக்கும் தேறவில்லை. தேறின நகல் மேல் photorec-ஐ விட்டேன். அழித்த படம் உடனே போய்விடுவதில்லை. அதன் பேரைத்தான் எடுக்கிறார்கள், அது கிடந்த இடத்திலேயே கிடக்கும், அதன் மேல் வேறொன்றை எழுதுகிறவரைக்கும். photorec பேரைப் பார்க்காமல் தரையைத் தோண்டிக்கொண்டு போய், படம் மாதிரி ஆரம்பிக்கிறது எது கிடைத்தாலும் தூக்கி வரும்.

தூக்கி வந்தது எல்லாம் முருகன். மறுபடியும் அதே ஆறு விரல், அதே மனை விளம்பரம். மச்சானை அழித்த இடத்தில் தங்கை குடிவைத்த சாமிகள். நடுநடுவே தலை மட்டும் தெரிந்து மிச்சம் பட்டைபட்டையாகக் கலங்கிப்போன படங்கள். ஒன்றில் ஒரு வேப்பமரமும் தலைக்கட்டுத் துண்டின் நுனியும் மட்டும் இருந்தன. கீழே எல்லாம் சாம்பல் நிறம். அந்தத் துண்டு மச்சானுடையதுதான். முகம் இருக்க வேண்டிய இடத்தில்தான் சாமி ஏறி உட்கார்ந்திருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் சாமி என்று பார்க்காமல் திட்டியிருப்பேன், நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

கடையை அடைக்கலாம் என்று எழுந்தபோதுதான் அந்தச் சின்ன ஃபைல்களைக் கவனித்தேன். photorec தூக்கிவருகிற படத்துக்கு எல்லாம் f என்று தொடங்கிப் பேர் வைக்கும். சிலவற்றுக்கு t. அளவு மிகச் சிறிசு, உடைந்த துண்டு போல என்று ஒதுக்கியிருந்தேன். man-ஐப் பிரித்து மூச்சு வாங்கிப் படித்தேன். விளங்கவில்லை. ஒன்றைத் திறந்தே பார்த்தேன், நகம் அளவில் ஒரு முழுப் படம்; லினக்ஸ் போட்டுக் கொடுத்தவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். போனில் படம் எடுக்கும்போது, பெரிய படத்தின் தலைமாட்டிலேயே அதன் குட்டி ஒன்றையும் போன் வைத்துவிடுகிறதாம், பட்டியலில் காட்டுவதற்கு. பெரிய படத்தின் மேல் சாமி ஏறின பிறகும் சில குட்டிகள் தப்பிக் கிடந்தன.

அவற்றில் ஒன்றில் மச்சான் இருந்தார். தபால்தலை அளவு. பாதயாத்திரை வழியில் அன்னதானப் பந்தலுக்கு முன்னால், தலையில் பச்சைத் துண்டு, ஒரு கையில் பாக்குமட்டைத் தட்டு, இன்னொரு கையில் தண்ணீர்ப் பாக்கெட். வாய் நிறையப் புளிச்சோறு. சிரிக்கிறார். இரண்டு கையிலும் சாமான் இருந்ததால் வாயை மூட முடியவில்லை. உடைந்த பல் ஒரு கறுப்புப் புள்ளியாகத் தெரிந்தது. உதட்டோரம் ஒரு வெள்ளைப் புள்ளி, சோற்றுப் பருக்கை.

பெரிசாக்கிப் பார்த்தேன். கட்டம் கட்டமாக உடைந்தது. ஸ்டூடியோக்காரருக்குப் போன் போட்டுக் கேட்டேன். "அனுப்புங்கண்ணே, இல்லாத மூஞ்சியக்கூட ஏஐ ஆப்பே போட்டு நெரப்பிக் குடுத்திரும். சோத்த எடுத்திரலாம், பல்லையும் கட்டிரலாம்." வேண்டாம்ப்பா என்று வைத்துவிட்டேன். உடையாமல் எவ்வளவு பெரிசு வருமோ அவ்வளவுக்கு, விரல் நீளத்துக்கு, நல்ல தாளில் அச்சடித்தேன்.

படையலன்று வடமதுரைக்குப் போனபோது வாழை இலை போட்டு, புதுப் புடவை வேட்டி வைத்து, குத்துவிளக்கு ஏற்றியிருந்தார்கள். படம் வைக்கிற இடம் காலியாக இருந்தது. பக்கத்தில் ஸ்டூடியோக்காரர் கொடுத்த பென் டிரைவை ஒரு வெற்றிலை மேல் வைத்திருந்தாள் தங்கை. சட்டைப்பையிலிருந்து படத்தை எடுத்து நீட்டினேன்.

"இம்புட்டுக்காணுதானாண்ணே?"

"இம்புட்டுத்தான் மிஞ்சுச்சு."

கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள். முகம் சுருங்கியது. "இத எப்படிண்ணே சபையில வைக்கிறது? மாப்பிள்ளை வீட்டுக்காரக என்ன நெனைப்பாக? வாயி நெறையச் சோறு. பல்லு வேற தெரியுது."

மருமகள் சமையல்கட்டிலிருந்து ஈரக்கையோடு வந்து எட்டிப் பார்த்தாள். "ஐயோ, இது நான் எடுத்தது" என்றாள். "ஒன்பதாவது படிக்கிறப்ப நடந்து வந்தேன்ல மாமா, அப்ப. ரெண்டு கையிலயும் தட்டையும் தண்ணியவும் குடுத்துட்டு, 'இப்ப வாய மூடுங்க பாப்போம்'னு சொல்லி எடுத்தேன். அழிச்சிரு கழுதன்னு வெரட்டுனாரு."

தங்கை படத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மச்சான் உயிரோடு இருந்தவரைக்கும் சாப்பிட உட்கார்ந்தால் இவளுக்கு அவரோடு தினம் ஒரு சண்டை, அள்ளித் திணிக்காதீக, வாயத் தொடைங்க என்று. இப்போது முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு, அந்தத் தாளில் உதட்டோரத்து வெள்ளைப் புள்ளியைத் துடைத்தாள். ஒருதரம் துடைத்துப் பார்த்தாள். போகவில்லை. மறுபடி துடைத்தாள்.

"இவருக்கு என்னிக்குமே இது போகாது" என்றாள். பிறகு படத்தை விளக்குக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்து, வெற்றிலை மேல் இருந்த பென் டிரைவை எடுத்து என் கையில் கொடுத்தாள். "அந்த ஸ்டூடியோக்காரர்கிட்ட வேண்டாம்னு சொல்லிருண்ணே. மண்டபத்துலயும் இதையே வைப்போம். பாக்கணும்னு நெனைக்கிறவக குனிஞ்சு பாக்கட்டும்."

மருமகள் அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். நாங்கள் படையலைக் கும்பிட்டோம். புளிச்சோறுதான் முதலில் இலையில் வைத்திருந்தார்கள். அதை யாரும் சொல்லி வைக்கவில்லை.

மறுநாள் கடையில் பென் டிரைவைச் செருகினேன். வீடியோ இருந்தது. ஸ்டூடியோக்காரரைக் கூப்பிட்டு அவர் மெஷினில் இருப்பதையும் எடுத்துவிடச் சொன்னேன். "அழிச்சிட்டேண்ணே" என்றார். அழிப்பது என்றால் என்னவென்று எனக்கு இப்போது தெரியும். பேரை எடுத்திருப்பார், அவ்வளவுதான். அங்கே மேகத்துக்குள் அந்தக் கோட்டுக்காரர் இன்னும் சில காலம் கண்ணை அகலத் திறந்துகொண்டு கிடப்பார். யாராவது தோண்டினால் எழுந்து வருவார். அதற்கு நான் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

என் கையில் இருந்ததற்குச் செய்ய முடியும். shred என்று ஒரு கமாண்டு இருக்கிறது. பேரை மட்டும் எடுத்துவிட்டு ஓடிவிடாது. ஃபைல் கிடந்த இடத்தின் மேலேயே கண்டதையும் கிறுக்கி, அதன் மேல் மறுபடி கிறுக்கி, இன்னொரு தடவையும் கிறுக்கிவிட்டுத்தான் எடுக்கும். கமாண்டைத் தட்டினேன். படிக்கட்டு, ரோஜா இதழ், நாடிக்கட்டுத் துணியில் செய்த அந்த டை எல்லாம் ஒரு வரியில் முடிகிற பேராக என் முன்னால் நின்றது.

இவ்வளவு நாளில் அந்த ஒரு தடவை மட்டும் முருகா என்று சொல்லாமல் எண்டரை அழுத்தினேன்.